ஆடியில் எழுதிய பத்திரம்

புருஷன் செத்த பிறகும் மனையைப் பங்காளிகளுக்கு விடாமல் தன் பேரில் வைத்துக்கொண்டது, ஆம்பளைகளுக்குத்தான் வேலை என்றிருந்த பென்னலூர் போல்டு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நிரந்தரமானது, அந்த ஊரில் கடன் வாங்கிக் கல்வீடு கட்டிய முதல் பெண்பிள்ளை ஆனது: செங்கமலம் ஜெயித்தவை இவை. மூன்றாவதுதான் கைநழுவப் பார்த்தது.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்த வீடு கட்டும் சங்கம் அவளுக்குக் கடன் தருவதாக மாசியிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. அதை நம்பிக் குடிசையைப் பிரித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு அக்கா மரகதம் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷமோ விலைவாசி தாறுமாறாக ஏறியது. சிமெண்டுக்குப் பர்மிட், அரிசிக்கு வரிசை. ஆடி பிறந்ததும் சங்கத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். பணத் தட்டுப்பாடாம், ஆகஸ்டு பத்தாம் தேதிக்குள் அடமானப் பத்திரம் எழுதிக் கொடுக்காதவர்களுக்குக் கடன் கிடையாதாம்.

செங்கமலம் கைநாட்டு. கைநாட்டு வைப்பவர்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவர வேண்டும். தாய்மாமன் எல்லப்பன் உறுப்பினர். அவருக்கும் கடன் ஒப்புதல் ஆகியிருந்தது.

"ஆடியில எவனாவது வூட்டுப் பத்திரத்துல கை வெப்பானா? ஆவணி பொறக்கட்டும். சங்கம் இன்னா ஓடியா பூடும்?" என்றார் அவர்.

"சங்கம் ஓடாது மாமா. பணம் ஓடிப்பூடுமே."

"ஆடியில எழுதுன வூட்ல மூதேவிதான் குடியிருப்பா, பாத்துக்கோ!"

"வரட்டும் மாமா. வாடகை வாங்கிக்கறேன்."

கூடப் போயிருந்த மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சாட்சிக்கு எங்கே போவது?

வீட்டுக்கு வந்ததும் செங்கமலம் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டிய அவள் பேர் அதில் இருந்தது. அதன்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பாள், அடுப்புக்கரியால் தரையில் எழுதுவாள், அழிப்பாள். எட்டிப் பார்த்த மரகதத்தை, "பாக்காத அக்கா, நீ பாத்தா எழுத்து கோணுது" என்று துரத்திவிட்டாள்.

கெடுவுக்கு முந்தின நாள் இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். குமாஸ்தா ரகுபதி வழக்கம்போல் மைப்பெட்டியை நகர்த்தினார்.

"அது வேணாங்க. பேனா குடுங்க."

மரகதம் பத்திரத்தை வரி விடாமல் படித்துச் சொன்னாள். செங்கமலம் உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கையெழுத்தைப் போட்டு முடித்தாள். ரகுபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, செங்கமளம்னு போட்டுகீறே? சின்ன 'ல' இல்ல வரணும்?"

மரகதத்துக்குத் திக்கென்றது. பாத்திரக் கடைக்காரன் செய்த வேலை!

"அப்ப கடன் இல்லீங்களா?" என்றாள் செங்கமலம்.

"கையெழுத்துல எவம்மா இலக்கணம் பாக்குறான்? இனிமே எங்க போட்டாலும் இதே மாதிரி போடு. மாத்துனாதான் வம்பு."

ஆவணியில் போனவர்களைச் சங்கம் வெறுங்கையோடு அனுப்பியது. எல்லப்பன் மாமா மூன்று வருஷம் காத்திருந்தார். செங்கமலம் தையிலேயே பால் காய்ச்சினாள். முதல் டம்ளர் மாமாவுக்குத்தான்.

கம்பெனிச் சம்பளப் பட்டியலில் இன்றைக்கும் அவள் 'செங்கமளம்' என்றே போடுகிறாள். அப்படி முதன்முதலில் போட்டது ஆனந்த வருஷம் ஆடி 24, வெள்ளிக்கிழமை, 1974 ஆகஸ்டு 9.