எங்கள் போர்டிலேயே நான் போட்ட பந்து

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாத மத்தியானம், வேலூரில் பெண்கள் கல்லூரி பாஸ்கெட்பால் ஃபைனல். நான் அப்போது ஆம்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம். டீமில் இருந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். பெஞ்சில் இருந்தேன் என்பதுதான் சரி.

அந்த சீசனில் எங்களை ஃபைனல் வரை கொண்டு வந்தது இரண்டு பேர். ஒருத்தி எங்கள் நெட்டை சென்டர். போர்டில் பட்டுத் திரும்பும் பந்து அவள் கையைத் தாண்டிப் போனதே இல்லை. இன்னொருத்தி ஏழாம் நம்பர் பனியன்காரி. நாங்கள் அவளை ஏழு என்றே கூப்பிடுவோம். எந்த மூலையிலிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும்.

ஏழுக்கு அது வெறும் ஃபைனல் இல்லை. அவள் அப்பா குடியாத்தத்தில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்பவர். "டீம் ஜெயிச்சா கப்பு காலேஜுக்குப் போவுது. உனக்கு இன்னா? உன் பேர்ல ஒரு கப்பு கொண்டாந்து காட்டு, அடுத்த வருஷமும் ஆடு. இல்லன்னா ஆட்டம் போதும்" என்று சொல்லிவிட்டார். அதிக பாயிண்ட் எடுத்தவருக்கு ஒரு தனிக் கோப்பை உண்டு. ஃபைனலுக்கு வரும்போது அதில் ஏழும் எதிர் டீம் கேப்டனும் சரிசமமாக இருந்தார்கள். அந்தக் கேப்டன் ராணிப்பேட்டைக்காரி. எங்கள் டீம் மொத்தமும் ஏழுக்காக வேண்டிக்கொண்டிருந்தது.

முதல் பாதி முழுக்க நான் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினேன். எங்கள் ஆட்கள் வேப்பமரத்துப் பக்க போர்டில் பந்து போட்டார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு வேப்பமரப் பக்கம்தான் பந்து போட வேண்டும் என்று மண்டையில் பதிந்துவிட்டது.

ஹாஃப் டைமில் ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பி.டி. மேடம் என்னைப் பார்த்து, "நீ எறங்கு" என்றார். பதறி எழுந்தேன். ஷூவின் அடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஊரே ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, என் அம்மாவே ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் வேலை, எனக்கு வாய்த்த ஷூ இப்படி. மற்றவர்கள் போர்டு மாறிப் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது நான் ஒரு மூலையில் குனிந்து ஷூவுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

விசில் அடித்ததும் முதல் பந்து என் கைக்கு வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வேப்பமரம் தெரிந்தது. ஓடினேன். ஏன் யாருமே தடுக்கவில்லை என்று கொஞ்சம் குழம்பினேன், ஆனால் கால் நிற்கவில்லை. பின்னாலேயே ஒருத்தி ஓடிவந்து கத்தினாள். "ஏய், அது உங்க போர்டு! போடாத!" திரும்பிப் பார்த்தால் எதிர் டீம் கேப்டன். என்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். அழகாக விழுந்தது. அந்த சீசனில் நான் போட்ட ஒரே பாஸ்கெட் அதுதான்.

கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் பெண்கள் நாலு பேரும் அந்தக் கோடியில் தலையில் கை வைத்து நின்றார்கள். எதிர் டீம்காரர்கள் குதித்தார்கள். ஹாஃப் டைமுக்கு அப்புறம் பக்கம் மாறும், வேப்பமரப் பக்கம் இப்போது நாங்கள் காக்க வேண்டிய போர்டு என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேடம் என்னைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் ஏழு போட்ட பந்து காப்பாற்றியது. நான்தான் முதலில் எகிறிக் குதித்தேன், என் பாவம் கழிந்தது என்று. அப்புறம் தனிக் கோப்பைக்கு எதிர் டீம் கேப்டனைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு பாயிண்ட் அதிகமாம். ஒன்றும் புரியாமல் மேடத்தைப் பார்த்தேன். "தெரியாம சொந்த போர்டுல போட்டா, அது எதிர் டீம் கேப்டன் பேர்ல ஏறும். ரூல் அப்படி" என்றார். ஏழு என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று அழுதேன். அந்தக் கேப்டன் கோப்பையோடு அங்கே வந்தாள். "இதுல ரெண்டு பாயிண்ட் நான் போட்டதே இல்ல. ஸ்கோர் எழுதுற டேபிள்ல போயி சொன்னேன், மாத்த முடியாதுன்னுட்டாங்க. வெச்சிக்கவும் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். நான் அழுகையோடு ஏழின் அப்பா சொன்னதைச் சொல்லிவிட்டேன். ஏன் அவளிடம் போய்ச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. "அவங்க அப்பா வந்திருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டுக்கு வெளியே அவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். ஏழு தலைகுனிந்து பக்கத்தில் நின்றாள். கேப்டன் நேராகப் போய்க் கோப்பையை அவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முழித்தார். "ஜெயிச்சவ நீ. நீ எதுக்கும்மா வந்து சொல்ற?"

"நான் போடலயே அங்கிள். அதான்."

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளிடமே கொடுத்தார். மகளிடம், "ஏறு" என்றார். அவ்வளவுதான். கோபமா, சம்மதமா, ஒன்றும் பிடிபடவில்லை. அந்த சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்குப் போனால் ஏழு பந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய், "அப்பா இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. காலைல அவரே ஷூ, பனியன் வெச்ச என் பைய வண்டில மாட்டி வெச்சிருந்தாரு. நீ மொதல்ல அந்த ஷூவ மாத்து."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாவின் மனசு எப்படி மாறியது என்று ஏழுக்கும் தெரியாது. தனக்கு லாபம் வருகிற நேரத்தில் அந்தப் பெண் ஏன் கத்தினாள் என்று நானும் ரொம்ப நாள் யோசித்தேன். அதைவிட, அவள் கத்தியதை நான் ஏன் நம்பவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அதனால்தான் அவள் சொன்னது பொய் என்று நினைத்தேன்.