முதுகுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கழுத்து வலிக்கிறது என்று தினமும் அழுதாள். காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, மூளைக்காய்ச்சலோ என்று பதறி, நானும் கணவரும் தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, சளிக் காய்ச்சல்தான். ஆனா கழுத்து ஒரு பக்கமா பிடிச்சிருக்கு. ஸ்கூல்ல எப்படி உக்கார்றா?" என்று கேட்டார்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் வட்ட வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் போர்டில் எழுத எழுத, பாதிப் பிள்ளைகள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து எழுதினார்கள். என் மகளும்தான்.

"இன்னா மிஸ் இது?"

"குழுவா உக்காந்தா நல்லா படிப்பாங்கன்னு ஆராய்ச்சியே சொல்லுதுங்க. ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"கூடிப் பேசிக்கினு படிக்கத்தான வட்டம்? வாயைத் தொறந்தா அதட்டுறீங்க. போர்டைப் பாத்து எழுத இன்னாத்துக்கு வட்டம்?"

"வட்டமா உக்காந்திருக்கிற மாதிரி மேலதிகாரிங்களுக்கு போட்டோ அனுப்பணுங்க" என்றார் டீச்சர்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு போட்டோவுக்கா என் பிள்ளையின் கழுத்து?

இப்போதெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன் என் மகளின் இடத்தில் உட்கார்ந்து போர்டைப் பார்க்கிறேன். பக்கத்து இடத்தில் டீச்சரையும் உட்காரச் சொல்கிறேன்.