வியாழக்கிழமை போகாத விமானம்

பருத்திப்பட்டு கெங்கம்மாள் பினாங்குக்குள் நுழைய அனுமதி சனிக்கிழமை வரைக்கும்தான். அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் புருஷன் தங்கவேல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கொழுந்தன் உலகநாதன் டிக்கெட் அனுப்பியிருந்தான். 1974-ஆம் வருஷம், ஒரு வியாழக்கிழமை காலையில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தால், விமானம் ரத்து என்றார்கள். அடுத்தது ஞாயிற்றுக்கிழமைதான்.

விமானக் கம்பெனி அதிகாரி ரொம்ப மரியாதையாக நாற்காலி போட்டார். நஷ்டஈடாக முந்நூறு ரூபாயும் ஓர் ஆங்கிலத் தாளும் மேசைமேல் வந்தன.

"கைநாட்டு வச்சிட்டு வாங்கிக்குங்கம்மா" என்று மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

அந்த அவசரம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. கூட வந்த தம்பி தேவராஜிடம் தாளை நீட்டினாள். படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்தது.

"வைக்காதே அக்கா! நீயே பயணத்தத் தள்ளிப் போட்டுகினதா எழுதிக்கீது."

அனுமதி முடிந்தபின் அந்தத் தாளோடு போனால் பினாங்கில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் தாளை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"துட்டு வாணாம் சார். உங்க ஏரோப்ளேன்தான் போவலன்னு எழுதி முத்திர குத்திக் குடு. அதுவரிக்கும் இங்கியேதான் கீறேன்."

சாயங்காலம் வரை அவள் அசையவில்லை. கடைசியில் கடிதம் வந்தது. பணம் திரும்ப அதிகாரியின் மேசைக்குள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பினாங்கு அதிகாரி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவளை உள்ளே விட்டார். வெளியே உலகநாதன் மொட்டைத் தலையோடு நின்றிருந்தான்.

"வெள்ளிக்கெழம வரிக்கும் வாசலயே பாத்துகினு இருந்தாரு அண்ணி."

கெங்கம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.