டக்கு சாரின் கட்டை விரல்

பலகையில் கணக்கு முழுசாக ஏறுவதற்குள் இரண்டு விடைகளை சாக்பீஸால் வெட்டிவிடுகிறார். "யூனிட்டப் பாரு. இது ரெண்டும் செத்துச்சு. மிச்சம் ரெண்டு. இப்ப டக்குனு ஒண்ண எடு!" ஏன் சார் என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரே பதில்தான்: "முழுசாப் போட்டுப் பாக்கறவன் ஹால்லயே குடியிருக்க வேண்டியதுதான்." மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல் சொல்லித்தரும் அவருக்கு டக்கு சார் என்று பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்புவதில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். என்ன சமைக்கட்டும் என்று மனைவி கேட்டால், "மொட்டையாக் கேக்காத, நாலு ஆப்ஷன் குடு" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் அக்கா தங்கைகள் நால்வர் வரிசையாக நிற்க, காபி ஆறுவதற்குள் மூவரை நீக்கிவிட்டு இவளைக் குறித்தார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த அம்மாளும் மறுக்கவில்லை. "ஆன்ஸர் கீ இன்னும் வரல" என்கிறாள்.

ஆனால் மனிதர் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். ஒளிமின் விளைவைக் கேளுங்கள்: "வெளிச்சத்த வண்டி வண்டியாக் கொட்டு, அதிர்வெண் பத்தலைன்னா உலோகத்துலேர்ந்து ஒரு எலக்ட்ரான் கிளம்பாது. என் மச்சான் மாதிரி. காலைல ஊரே கூடிக் கத்தட்டும், புரண்டு படுப்பான். அவன் பொண்டாட்டி ஒரு குரல் குடுக்கட்டும், எகிறிக் குதிச்சு நிப்பான்!"

காந்தவியலில் வலக்கை விதி. மின்சாரம் ஓடும் திசையில் வலது கட்டை விரலை நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கம் காந்தப்புலம். அதற்கும் மேலே சார் இயற்றிய சொந்த விதி ஒன்று உண்டு: "என்ன ஆனாலும் பேனாவக் கீழ வைக்காத. நீ வச்சு எடுக்கறதுக்குள்ள அடுத்தவன் டாக்டர் ஆயிருவான்."

இந்த ஆண்டு அவருடைய மகளும் இரண்டாம் முறையாகத் தேர்வு எழுதினாள். போன முறை மயிரிழையில் இடம் தப்பியது. "இதான் கடைசி. கிடைக்கலைன்னா வேற படிப்பு" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மகளுக்கோ வேறு படிப்பு என்றாலே தொண்டையில் சோறு இறங்காது.

விடைக் குறிப்பு வெளியான காலையில் வகுப்பு மொத்தமும் சார் வீட்டு முன்னறையில் கூடிவிட்டது. பேனாவும் கையுமாக மகளின் விடைகளைச் சரிபார்த்து வந்தவர் ஒரு கேள்வியில் நின்றார். கம்பியில் மின்சாரம் மேல்நோக்கி ஓடுகிறது. அதன் வலப்பக்கத்தில் காந்தப்புலம் தாளுக்கு உள்ளேயா, வெளியேயா? மகள் வெளியே என்று குறித்திருந்தாள். குறிப்பு உள்ளே என்றது. போன ஆண்டின் கட்-ஆஃபைத் தாண்ட அவளுக்கு அந்த ஒரு கேள்விதான் குறைந்தது.

"குறிப்பே தப்பு!" சார் துள்ளினார். "நீ என்ன போட்ட? நீ? நீ?"

எல்லாரும் வெளியே என்றுதான் போட்டிருந்தார்கள்.

"பாத்தியா! இத்தன பேருமா மடையன்? இன்னிக்கே ஆட்சேபம் அனுப்பறேன், அலறட்டும்!"

"இத்தன பேரும் உங்ககிட்ட படிச்சவங்கப்பா" என்றாள் மகள். "ஒரு தடவ நீங்க போட்டுக் காட்டுங்க."

"இதுல காட்டறதுக்கு என்ன இருக்கு? டக்குனு சொல்லுவேன்." வலது கையில் பேனா இருந்தது. இடது கட்டை விரலை மேலே நீட்டி விரல்களை மடக்கினார். "இதோ, வெளியே!"

பிள்ளைகள் சிலர் தங்கள் இடது கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

மகள் அவர் கையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டாள். "இப்ப வலது கையாலப்பா."

வலது கட்டை விரல் மேலே போனது. மற்ற விரல்கள் மெல்ல, தாளுக்கு உள்ளே போகும் பக்கமாக மடங்கின.

"என்னங்க, ஆட்சேபம் அனுப்பியாச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

சார் அந்தக் கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் செருகி மூடி, கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.