நின்ஹிலி கைவைக்காத விருந்து

உம்மா நகரத்தில் நின்ஹிலி காய்ச்சும் பார்லி பீருக்கு எத்தனை பேர் அலைந்தார்களோ, அவள் வாய்க்கு அத்தனை பேர் பயந்தார்கள். கொழுந்தன் உரேமுஷ் அதில் முதல் ஆள். அக்காத் ராஜாவின் படை எங்கள் கோட்டைச் சுவரை இடித்த அன்று அவள் புருஷன் அந்தச் சுவரடியிலேயே மாண்டுபோனான். கால்வாய் ஓரத்து வயலில் அவனுக்கிருந்த பங்கு அவள் கைக்கு வந்தது. முப்பது பங்காளிகளின் வயல் அது. அழுது முடித்த கையோடு களையெடுக்க இறங்கியவள் அவள்.

அந்த வயல்மேல்தான் ராஜாவின் அதிகாரி பேலிபானி கண் வைத்தான். படைவீரர்களைக் குடியேற்ற நிலம் வேண்டுமாம். பிடுங்கிக்கொண்டால் போயிற்று, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ராஜாவுக்கு நல்ல பெயரும் வேண்டியிருந்தது. முறைப்படி வாங்கியதாகக் கல்லில் வெட்டி நிறுத்த ஆசை. எங்கள் முறைப்படி, வாங்குகிறவன் பந்தி போடவேண்டும். பங்காளிகள் அத்தனை பேரும் அவன் ரொட்டியைத் தின்னவேண்டும். ஒரு வாய் உள்ளே போனால் சம்மதம். ஒருவர் தின்னாவிட்டாலும் விற்பனை செல்லாது.

பந்தியில் ஆட்டுக்கறி, கருவாடு, வெங்காயம், சுடச்சுட ரொட்டி. இருபத்தொன்பது பேர் தலை குனிந்து தின்றார்கள். நின்ஹிலி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, ஒரு துண்டு பிச்சு வாயில போடுங்க. என் மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போயிடுவான்," என்று உரேமுஷ் கிசுகிசுத்தான்.

"நீ தின்னுட்டல்ல? ஏப்பத்த விட்டுட்டு சும்மா கெட."

பேலிபானி சிரித்துக்கொண்டே வந்தான். "என்னம்மா, கறி பிடிக்கலையா?"

"கறி நல்லாத்தான் மணக்குது. கூப்பிட்ட ஆளத்தான் பிடிக்கல."

அவன் முகம் சுண்டிவிட்டது. அவள் தின்னும்வரை பந்தி கலையாது என்று உத்தரவிட்டான். மூன்று நாள்! கால்வாய்த் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் நாள் அவள் மடியருகே புது ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாசனைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழவும் செய்தாள். ஆனால் கை நீளவில்லை.

மூன்றாம் நாள் பேலிபானி ஒரு தப்புச் செய்தான். பங்காளிகளின் பயத்தை நம்பி, அவர்களைச் சாட்சி சொல்லவைக்க எங்கள் சாமி சாராவின் கோயில் வாசலில் ஊரைக் கூட்டிவிட்டான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, "தின்னுட்டேன்," "தின்னுட்டேன்," என்று இருபத்தொன்பது பேரும் சொன்னார்கள்.

"நான் தின்னல," என்றாள் நின்ஹிலி. குரல் கம்மியிருந்தாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

"பசி மயக்கத்துல உளறுறா. அவளும் தின்னான்னே எழுது," என்று எழுத்தரிடம் சொன்ன பேலிபானி, உரேமுஷ் பக்கம் திரும்பினான். "நீ பக்கத்துலதானே இருந்த? சொல்லு!"

உரேமுஷ் தன் காலைப் பார்த்தான். கோயிலைப் பார்த்தான். அந்த மனுஷன் அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சாராசாமி சத்தியமா, அண்ணி ஒரு துணுக்குகூடத் தொடல."

"தொடல," என்றான் அடுத்த பங்காளி. அப்புறம் அதற்கடுத்தவன். பேலிபானி அதட்ட அதட்ட, தின்ற வாய்கள் எல்லாமே அதைச் சொல்லின. ஊரே கேட்டுவிட்ட பிறகு கல்லில் எதை வெட்டுவான்? கோயில் வாசலில் இருந்த தண்ணீர் ஜாடியை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

போனவன் சும்மா போகவில்லை. அன்று சாயங்காலமே அவன் ஆட்கள் நின்ஹிலி வீட்டுப் பீர்ப் பானைகளை ஒன்று விடாமல் உடைத்தார்கள். ஓட்டாஞ்சில்லுகளுக்கு நடுவே உரேமுஷ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"எல்லாம் போச்சே அண்ணி!"

"பானைதான்டா போச்சு, மண்ணு நம்மகிட்டதான் இருக்கு. அழுறத நிறுத்திட்டு, உன் பொண்டாட்டி சுட்ட ரொட்டி ஒண்ணு கொண்டா. பசி உயிர் போகுது."