குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி

தேவிப்பிரியா ஒன்பது ஆண்டுகள் அம்பத்தூரில் பெண்கள் விடுதிகளில் இருந்தவள். அங்கே செல்போனில் பேசுவதற்குக்கூட மொட்டை மாடிக்குப் போக வேண்டும். யாருடைய அனுமதியும் கேட்காமல், யாருக்கும் தொந்தரவாக இல்லாமல் ஓர் அறையில் உட்கார வேண்டும் என்பதற்காகவே ஆவடி சேக்காட்டில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினாள். முப்பத்தாறு வயது, சொந்த ஊர் தேனிப் பக்கம், தனியாள். அனுமதி கேட்காமல் இருப்பதும் தொந்தரவாக இல்லாமல் இருப்பதும் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்காது என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய வேலை, கேட்பது. ஒரு கூரியர் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்து சண்டை போடுவார்கள். பதிவான அந்த அழைப்புகளில் நாளொன்றுக்கு நாற்பதை வீட்டில் உட்கார்ந்து கேட்டு, பதில் சொன்ன ஊழியர் வணக்கம் சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா, குறுக்கே பேசினாரா என்று மதிப்பெண் போட வேண்டும். பார்சல் கடைசியில் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அவள் படிவத்தில் கிடையாது.

சித்திரையில் இடது காதில் சீழ் வைத்தது. செவிப்பறையில் ஓட்டை. "ரெண்டு காதுலயும் எதையும் வைக்காதீங்க. ஹெட்போனை மறந்துடுங்க" என்றார் டாக்டர். அலுவலகம் ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஒரு மாதம் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்கச் சொன்னது. இரண்டு நிபந்தனைகள். வாடிக்கையாளர் குரல் அறைக்கு வெளியே போகக் கூடாது. அவளுடைய மதிப்பீட்டின் துல்லியம் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வேலை இல்லை.

ஆவடிக் கடைத்தெருவில் கிஷோர் என்ற கடைக்காரர், மேசைக்கு இரண்டு சிறிய பெட்டிகளும் தரைக்கு ஒரு பெரிய பெட்டியுமாக ஒரு செட் கொடுத்தார். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டு வீராசாமி லுங்கியோடு, கண் சிவந்து நின்றார். கட்டடம் நிற்கிற மனையே ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது. அதற்கு ஈடாகக் கிடைத்த வீட்டில் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினில் வேலை. எப்போதும் நைட் ஷிஃப்ட்.

"இன்னாம்மா, மேல மாவு இடிச்சினு கீறியா?"

"இல்லண்ணே, ஆபீஸ் வேலை. ஸ்பீக்கர்."

"ஸ்பீக்கரா? என் கட்டிலே ஆடுது. எங்கூட்டுக்காரி ஏதோ காத்து கருப்புன்னு சூடம் கொளுத்தினு கீறா."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"எண்ணிக்கோ. பத்து வெரலும் கீது. எங்க ஷெட்டுல முப்பது வருசம் ஓட்டுனவன்ல பத்தும் வெச்சினு கீறது நான் ஒருத்தன்தான். பகல்ல தூங்குறேன், அதான் கீது."

அதில் மிரட்டல் இல்லை. இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

செட்டைத் திருப்பிக் கொண்டுபோனாள். கிஷோருக்கு வருத்தம்.

"பேஸ் இல்லாம பாட்டு எப்படி மேடம் கேப்பீங்க?"

"பாட்டு இல்லைங்க. பேச்சு."

"யாரு பேச்சு?"

"யாராவது. கோபமா இருப்பாங்க."

கிஷோர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கைவிட்டார். ஆனால் தொழில் தெரிந்தவர். தரை வழியாக இறங்குவது அடித்தொனிதான், அதனால் பெரிய பெட்டியே வேண்டாம் என்றார். சின்ன ஜோடி போதும். காது உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கலாம். அடியில் ரப்பர் போட வேண்டும். அவர் சொன்னதில் தவறில்லை. பேச்சு கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது.

நான்காம் நாள் வீராசாமியின் மனைவி பூங்காவனம் மேலே வந்தாள்.

"கண்ணு, யாரு அழுவுறது?"

"யாரும் இல்லையேக்கா" என்றாள் தேவிப்பிரியா.

"ஒரு பொம்பள அழுவுதாம். 'எம் புருசனோட பேப்பரு, வேற காப்பி கெடையாது'ன்னு. அவரு எய்ந்து உக்காந்துனு கீறாரு. டம்மு டம்முனு கேட்டாக்கூட மெஷினு மாதிரி பழகிப்புடும்ன்றாரு. இதுக்குத் தூங்க மாட்றாரு."

அது காலையில் கேட்ட அழைப்பு. செத்துப்போன கணவரின் அசல் சான்றிதழ்களைக் கூரியரில் தொலைத்த ஒரு பெண். ஊழியர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருந்தார். தேவிப்பிரியா முழு மதிப்பெண் போட்டிருந்தாள்.

இரும்பின் சத்தம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. மனிதக் குரல் எவ்வளவு தாழ்ந்து வந்தாலும் ஒரு பதிலை எதிர்பார்க்கிறது, தூங்குகிறவனிடமும். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதைப் பெட்டியின்மேல் அச்சிடுவதில்லை.

மறுநாள் காலை வீராசாமியே ஒரு வழி சொன்னார். அவர் கீழே கட்டிலில் படுத்துக்கொள்வார், போன் இணைப்பிலேயே இருக்கும், பேசும்போது மட்டும் அவள் தன் பக்க மைக்கைத் திறப்பாள். அவள் மேலே மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் அழைப்பு வேண்டாம் என்று, பயிற்சிக்காக அலுவலகமே நடித்துப் பதிவு செய்திருந்த ஒன்றை ஓட விட்டாள்.

"கேக்குதாண்ணே?"

"ஒருத்தன் மன்னிச்சிக்குங்க மன்னிச்சிக்குங்கன்னு சொல்லினே கீறான். அப்டி இன்னாதான் பண்ணான்?"

சுவரோரத்திலிருந்து மேசையை அறை நடுவுக்கு இழுத்தாள். கால்களுக்கு அடியில் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டாள். ஸ்பீக்கரின் ஒலிக் குமிழைத் திருப்பிக் குறைத்தாள்.

"இப்ப?"

"மன்னிப்பு போச்சு. இருமுறது மட்டும் கேக்குது."

"அது நான்தாண்ணே."

"அப்ப இருமாத."

இன்னும் கொஞ்சம் குறைத்தாள். பதில் இல்லை. "அண்ணே?" என்றாள். போனில் குறட்டை வந்தது. அவள் நகப்பூச்சை எடுத்து, குமிழ் நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

அந்தப் புள்ளியில் வைத்தால் பேச்சு கேட்கும், ஆனால் அதற்கென்று உட்கார வேண்டும். மின்விசிறி ஓடினால் சொற்கள் போய்விடும், நிறுத்தினாள். சன்னல் திறந்தால் பட்டாபிராம் பக்கம் போகிற மின்சார ரயில் உள்ளே வரும், சாத்தினாள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் முகத்தை வைத்து, வலது காதை ஒரு சாண் முன்னால் நீட்டி, நாற்காலி கிறீச்சிடாமல் ஒன்பதிலிருந்து ஆறு வரை. முதுகில் வியர்வை இறங்கும். துடைக்கக் கை தூக்கினால் ஒரு சொல் தப்பும். விடுதியில் சத்தம் வேண்டாம் என்று வார்டன் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இங்கே யாரும் வர வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் துல்லியம் தொண்ணூற்றொன்றில் நின்றது. அன்று பதினொன்றரைக்கு அதே பெண்ணின் இரண்டாவது அழைப்பு அவள் பட்டியலில் வந்தது. இப்படி நடப்பது அபூர்வம். குரல் போன தடவையைவிடத் தாழ்ந்திருந்தது. ஊழியர் பேசுவது புரிந்தது. அந்தப் பெண் பேசுவது வெறும் மூச்சாக இருந்தது. "கேட்கவில்லை" என்று போட்டால் அது பிழைக் கணக்கில் சேரும். கீழே வீராசாமி இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். பூங்காவனம் காலையிலேயே படியில் வைத்துச் சொல்லியிருந்தாள். குமிழின்மேல் விரலை வைத்துக்கொண்டு அதே இடத்தை நான்கு முறை ஓட விட்டாள். வேலைக்காகவா, அந்தப் பெண்ணின் காகிதத்துக்காகவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. புள்ளியைத் தாண்டிச் சத்தத்தை ஏற்றினாள்.

"கம்ப்ளெய்ன்ட்ட மூடிருங்க தம்பி" என்றது குரல். அழவில்லை. "இனிமே தேட வேணாம்."

குமிழைப் புள்ளிக்குக் கொண்டுவந்து, கதவு தட்டப்படுவதற்காகக் காத்திருந்தாள். போன் அடித்தது.

"அந்தம்மா பேப்பரு வரலியா?" என்றார் வீராசாமி.

வெளியே போகக் கூடாத செய்தி. "வரலண்ணே" என்றாள்.



"தூங்குங்கண்ணே."

"இனிமே எங்க."

மாலை ஏழு மணிக்கு அவருடைய வண்டி கேட்டைத் தாண்டிப் போவது கேட்டது. மறுநாள் காலை ஏழிலிருந்து அவள் பால்கனியில் நின்றாள். ஏழே முக்காலுக்கு வந்தார். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மேலே பார்த்தார். யாரும் கேட்காமலே இரண்டு கைகளையும் தூக்கி விரித்தார். அவள் எண்ணினாள். பிறகு இன்னொரு முறை எண்ணினாள்.

மாத முடிவில் தொண்ணூற்றொன்று. "இதே முறையில் தொடரவும்" என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை. மணி ஒன்பது ஆகியிருந்தது. சன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், நாற்காலியைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள்.