கருவாடு போட்ட படை

அண்ணனிடம் ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும். திங்கட்கிழமை அவன் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான், ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைசி ஆட்டம். அதுவரை ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்றவள் நான்தான்.

ஆட்டம் என்றால், சாப்பாட்டு மேசையில் நடக்கும் போர். கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெட்ட வேண்டும். யாராவது “பொம்மையா?” என்று கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்களுக்குள் இரண்டு சட்டம். பெயிண்ட் அடிக்காத சிப்பாய் களத்தில் நிற்கக் கூடாது. தோற்ற படையில் ஒருவனை ஜெயித்தவர் கைதியாகப் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கொண்டுவந்தே தீர வேண்டும்.

பழைய படை ராசியில்லை என்று புதிதாக ஒன்று செய்தேன். பார்சலில் வந்தவர்கள் என்னவோ இரும்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான். சட்டையைத் தேய்த்துத் தேய்த்து வெறும் மார்பாக்கினேன். வாளை வெட்டிவிட்டுத் தூண்டில் கம்பியில் ஈட்டி கொடுத்தேன். கொசுவலைத் துண்டில் இடுப்புப் பை, சிப்பி ஓட்டில் கேடயம். முப்பது பேரும் முத்துக்குளிக்கிறவர்கள் ஆனார்கள். தலைவனுக்கு மட்டும் காலில் ஒரு பொடிக்கல்லைக் கட்டிவிட்டேன், மூழ்குவதற்கு. சும்மா சொல்லக் கூடாது, அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

பெயிண்டில்தான் கோட்டை விட்டேன். நம்ம ஊர்ப் படை, நம்ம ஊர்ப் பெயிண்ட்தான் என்று படகுக்கு அடிக்கிறதை வாங்கினேன். “கடல் தண்ணியில கெடந்தாலும் போவாதும்மா” என்றார் கடை அண்ணாச்சி. போகவில்லை, உண்மை. காயவும் இல்லை. ஐப்பசி மழை வேறு. சனிக்கிழமை மத்தியானம் தொட்டுப் பார்த்தால் விரலெல்லாம் நீலம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நான் உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், வீட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. மீனை உப்பில் போட்டால் ஈரம் போய்க் கருவாடாகிறதே, பெயிண்ட் ஈரம் போகாதா? பெரிய சட்டியில் ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு சிப்பாய், மேலே மறுபடி உப்பு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை எடுத்தால், முப்பது பேர் உடம்பிலும் உப்பு அப்பியிருந்தது. சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டப்படி அண்ணன் ஆடாமலே ஜெயிக்கலாம்.

அவன் வந்து குனிந்து பார்த்தான். “என்னளா இது, நெத்திலிக் கருவாடா?”

“கிண்டல் பண்ணாதண்ணே. நீயே ஜெயிச்சதா வச்சுக்கோ.”

“பெயிண்ட் அடிக்காதவன் நிக்கக்கூடாதுன்னுதான் சட்டம். உப்பு ஏறுனவன் நிக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்? எடுத்து வைளா.”

ஆடினோம். மழைக்காற்றில் உப்பு இளகி, என் சிப்பாய்கள் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். “இப்பத்தான் முத்துக்குளிச்சிட்டு ஏறி வாரானுவோ” என்று அண்ணன் சொல்ல, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசி உருட்டலில் எனக்கு நான்கு விழுந்தால் போதும். ஒன்று விழுந்தது.

கைதியாக அவன் எடுத்தது தலைவனை.

“அவனையா? வேற எவனையாவது எடுண்ணே.”

“சட்டம் சட்டந்தான்” என்று கைக்குட்டையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் சரியாக டாட்டாகூடக் காட்டவில்லை. அதற்காக அப்புறம் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன்.

ஒன்பது மாதம் பதினொன்றானது. வருகிற தேதி தள்ளித் தள்ளிப் போனது. “வந்துருவாம்லா?” என்று அம்மா தினமும் கேட்பாள். “என் தலைவன் அவன்ட்ட இருக்காம்லா, வந்துதானே ஆகணும்” என்பேன். சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் வந்து நின்றான். கறுத்து, மெலிந்து. செருப்பைக் கழற்றும் முன்பே பையைத் துழாவி, தலைவனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

“பெயிண்ட் காஞ்சிருச்சு, ஏளா.”

அம்மா சோறு போட்டுக்கொண்டு வருவதற்குள் நான் ஆட்டத்துக்கு மேசையைக் காலி செய்துவிட்டேன்.